பறந்த கூரை, பத்திரமான பாலிசி

கேள்வி: ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை. சூறைக்காற்றில் வீட்டுக் கூரை ஷீட் பறந்துவிட்டது. பாலிசி இருக்கிறது. சர்வேயர் வரும்வரை நனைந்துகொண்டே இருக்கணுமா?

பதில்: வேண்டாம், மழை சர்வேயருக்காகக் காத்திருக்காது! உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். தோலைத் தரம் பிரிக்கும் அதே கண்ணோடு படம் எடுங்கள்: வளைந்த ஜே-போல்ட், துளையோரம் கிழிந்த ஷீட், ஊறிய பீரோ. பிறகு தார்ப்பாய் கட்டுங்கள். சேதம் பெருகாமல் காப்பது பாலிசிதாரர் கடமையும்கூட. பில்லையும் உடைந்த துண்டுகளையும் எறியாதீர்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி என்றால் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும். இடிபாடு அகற்றவும் க்ளெய்மில் 2 சதவீதம் வரை உண்டு. “பழைய துரு” என்று தொகையைக் கழித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறமும் மசியாவிட்டால், ஓராண்டுக்குள் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.