நாலுல ஒண்ணுதான் நெஜம்

மயிலாப்பூரில் இன்ஜினீயரிங் படிக்கும் எந்தப் பிள்ளையும் கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. “ஏஐ ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா. குடான்னு ஒண்ணு இருக்கு, அது என்விடியா கார்டுலதான் ஓடும்” என்றுதான் ஆரம்பிப்பான். சொல்வதில் பொய் எதுவும் இல்லை. 2007 முதல் குடா உண்டு, அது ஓடுவது என்விடியாவில்தான். அதே கார்டில் சைபர்பங்க் 2077-உம் ஓடும் என்பதை மட்டும் அவன் சொல்ல மாட்டான். அப்பாவும் கேட்க மாட்டார்.

இந்தக் கட்டுரையின் அப்பா வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் வாங்க மாட்டார், மிக்ஸி ஜாருக்குக்கூட. ஆகவே விஷயம் குடும்பக் கமிட்டிக்குப் போனது. உறுப்பினர்கள்: அடையாறு காந்தி நகரிலிருந்து போனில் சித்தப்பா, தி.நகரிலிருந்து நேரில் அத்தை. சித்தப்பா ஐடி. அத்தைக்கு ரங்கநாதன் தெருவில் நாற்பது வருஷ அனுபவம்.

“வாங்கறதுதான் வாங்கறோம், 5090-ஆவே வாங்கிடலாமே அண்ணா” என்றார் சித்தப்பா. அடுத்தவர் காசு என்றால் அவருக்கு எப்போதும் உச்ச மாடல்தான் பிடிக்கும். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் அமெரிக்க விலையே 1,999 டாலர். விலையை அப்பா ஜீரணித்துக்கொண்டிருக்கும்போதே, அது 575 வாட் இழுக்கும் என்று பையன் உளறிவிட்டான். கால்குலேட்டர் வெளியே வந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட். அப்படியானால் இந்தக் கார்டு ஏழரை ஃபேனுக்குச் சமம். ஏழரை என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மா சமையலறையிலிருந்து, “அது வேண்டவே வேண்டாம்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அம்மா சொன்னதில் பௌதிகமும் இருந்தது. கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வரும். ஃபேனாவது காற்று தரும். இது கத்திரி வெயிலில் பத்துக்குப் பத்து அறையில் அடுப்பு மூட்டும். அதை வெளியேற்ற ஏசி தனியாக உழைக்க வேண்டும். தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்துக்குக் கார்டு மட்டும் 138 யூனிட். மின்வாரியம் தரும் இலவச 100 யூனிட்டை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, வீட்டுக் கணக்கை 500 யூனிட் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பது சென்னைக் குடும்பஸ்தர்களுக்கு மனப்பாடம். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட்தான். அதே உபயோகத்துக்கு 28 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அப்பாவின் பார்வையில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். விளையாட்டு எப்படி ஓடும் என்பது அவர் போட்ட அட்டவணையில் ஒரு கட்டமாகக்கூட இல்லை.

பையனின் கவலை வேறு. கேம்கள் பண்ணும் அநியாயம் அப்படி. 2020 டிசம்பரில் சைபர்பங்க் வந்தபோது, நன்றாக ஓட ஜிடிஎக்ஸ் 1060 ஆறு ஜிபி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 2023-இல் பட்டியலைத் திருத்தியபோது அதே கார்டு ‘குறைந்தபட்சம்’ என்ற வரிசைக்கு இறங்கிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கோ ரே ட்ரேசிங் வசதி கார்டுக்குள்ளேயே இல்லாவிட்டால் கதவே திறக்காது.

போதாததற்குப் பெயர்க் குழப்பம். கத்தரிக்காயைக்கூடக் காம்பு பார்த்து, அழுத்திப் பார்த்து வாங்கும் ஊர் இது. கார்டு விஷயத்தில் மட்டும் பெட்டியில் அச்சடித்த நம்பரைப் பார்த்து ஏமாந்து போகிறது. ஜிடிஎக்ஸ் 1060 மூன்று ஜிபி, ஆறு ஜிபி என்று இரண்டு வந்தது. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து மூன்று ஜிபியை வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்த கோர்களும் குறைவு: ஆறு ஜிபியில் 1,280, மூன்று ஜிபியில் 1,152. ஜிடி 1030 இன்னும் மோசம். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்றை இறக்கினார்கள். மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வகையில் மகுடம் ஜிடிஎக்ஸ் 970-க்குத்தான். 2014-இல் நான்கு ஜிபி என்று விற்றார்கள். சில மாதங்களில் குட்டு வெளிப்பட்டது: மூன்றரை ஜிபிதான் வேகமாக ஓடும், மிச்ச அரை ஜிபி ஆமை. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2016-இல் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. பையன் இதைச் சொன்னபோது அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. எடை குறைந்தால் சண்டை போடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று அவர் அதுவரை நினைத்திருந்தார். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி கார்டு ஒன்றை அறிவித்துவிட்டு, எல்லோரும் கிழித்ததும் அதை வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 100 டாலர் குறைத்து 4070 டிஐ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்ததையும் அவன் சொன்னான். “சாயம் போன புடவைய மடிப்பு மாத்தி வைப்பான், அது மாதிரி” என்றார் அத்தை.

கடைசியில் கமிட்டி கிளம்பியது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் ரிச்சி தெரு. பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் சந்தை. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் விற்ற இடம். டெல்லிக்கு நேரு பிளேஸ், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, நமக்கு இது. கேபிள் சுருள், சிசிடிவி, டீக்கடை, குறுக்கே புகும் பைக் எல்லாவற்றையும் தாண்டி மாடிப்படி ஏறினால் ஆள் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய கடை. போனது அப்பா, அத்தை, பையன் என்று மூன்று பேர்.

“பட்ஜெட் எவ்ளோ ப்ரோ?” என்றார் கடைக்காரர் பையனிடம். அப்பாவைப் பார்த்து, “சார், எஸ்எம்பிஎஸ் என்ன போட்டிருக்கீங்க?”

பையன் முழித்தான். வீட்டிலிருப்பது கேபினட்டோடு இலவசமாக வந்த 450 வாட் பவர் சப்ளை டப்பா. “அதுல போட்டா கார்டோட போர்டும் போயிடும்” என்றார் அவர். சரியான கடைக்காரர் என்று அப்பா அந்த நிமிஷம் முடிவு செய்தார், கூடுதலாக எஸ்எம்பிஎஸ் விற்கப் பார்க்கிறார் என்று அத்தை முடிவு செய்தார். இரண்டுமே உண்மை. அடுத்து கேபினட் நீளம். அம்மாவின் தையல் டேப்பை வைத்து வீட்டிலேயே அளந்து சீட்டில் எழுதி வந்திருந்தார்கள்: ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை பதினொன்றரை அங்குலம். 5090-இன் நீளம் 304 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பன்னிரண்டு அங்குலம். சித்தப்பாவின் ரகமெல்லாம் அந்தச் சீட்டோடு அடிபட்டுப் போயின.

மலிவாக செகண்ட் ஹேண்ட் உண்டா என்று அப்பா மெல்ல விசாரித்தார். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் நாணயத்துக்கு மைனிங் தேவையில்லை என்று ஆனதும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. துடைத்து வைத்தால் புதுசு போலத்தான் இருக்கும். ஃபேன் பேரிங்தான் வயசைச் சொல்லும். “வாரண்டி கேக்காதீங்க சார்” என்றார் கடைக்காரர். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மிஞ்சியது, 4060-ஐவிடப் புதியதான 5060 டிஐ. அதிலும் எட்டு ஜிபி, பதினாறு ஜிபி. சிப் ஒன்றுதான், ஆனால் புது கேம்களில் எட்டு ஜிபி நிரம்பியதும் படம் திக்கித் திணறும். பதினாறை வாங்குங்கள் என்பதுதான் நியாயமான யோசனை. கடைக்காரர் அதோடு நிறுத்தாமல், “இதுல ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கு ப்ரோ. கார்டு ஒரு ஃபிரேம் வரையும், ஏஐ நடுவுல மூணு ஃபிரேம் சேத்துடும்” என்றார்.

அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “அப்போ நாலுல ஒண்ணுதான் நெஜம்?”

“ஆமாம்மா.”

“அப்போ காசும் நாலுல ஒண்ணு குடுத்தாப் போறுமே.”

பதில் வர நேரமானது. “ஜிஎஸ்டி 18 பர்சென்ட் மொத்தமும் நெஜம்மா” என்றார் அவர். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்காக ஐந்நூறு ரூபாய் இறங்கியது. அப்பா பில் வாங்கி, சீரியல் நம்பரைப் பெட்டியோடும் கார்டோடும் இரண்டு முறை சரிபார்த்து, டிக் அடித்தார்.

ராத்திரி எஸ்எம்பிஎஸ் மாற்றி, கார்டைச் சொருகி, நூறு ஜிபிக்கு மேல் டவுன்லோட் முடிந்து கேமைத் திறந்தால் பழைய வேகமேதான். படம் நொண்டியது. அப்பா பில்லைத் தேடி எடுத்தார். அத்தை போனிலேயே கடையைத் திட்டத் தொடங்கினார். பையன் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: “ப்ரோ, மானிட்டர் கேபிள் இன்னும் போர்டுலயே இருக்கு. கழட்டி கார்டுல சொருகுங்க.”