கொம்பனும் குரூப்பும்

தேசிய ஒளியிழை வலையமைப்பில் நாட்டிலேயே முதலில் இணைந்த மாவட்டம் இடுக்கி, அதுவும் 2015-லேயே. அவ்வளவு வேகத்தில் எதை அனுப்பினோம்? யானையைத்தான். 2023 ஏப்ரலில் அதே மாவட்டத்துச் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானைக்கு மயக்க ஊசி போட்டு, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். அது செயற்கைக்கோளுக்குச் சிக்னல் கொடுத்தது. நாங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குக் கொடுத்தோம். "மாப்ளே, குமுளிகிட்ட வந்துருச்சாம்டா!" காலர் சிக்னல் அவ்வப்போது விட்டுப்போகும், குரூப்புக்கு அந்தக் கோளாறே கிடையாது. மே கடைசியில் கம்பம் தெருவில் அது ஓடிய வீடியோ, இரட்டை அம்புக்குறியோடு, அண்ணன் தம்பி சம்பந்தி என எல்லோரிடமிருந்தும் வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. குரூப்பில் மட்டும் கொம்பன் இன்னும் கம்பத்தில்தான் ஓடுகிறது, "சற்றுமுன் எடுத்தது" என்ற குறிப்போடு.