கோயிலுக்கு உழைக்க வந்த மருமவப்பிள்ளை

வாரும் மருமவப்பிள்ளை, இப்படி நிழல்ல உக்காரும். வேலையில இருந்து ரிட்டயர்டு ஆயி ஊரோட வந்தாச்சு, பென்சன் மாசாமாசம் வந்து விழுது, இனிமே பங்குக்கு ஏதாவது சேவை செய்யணும்னு சாமிகிட்டப் போயிச் சொன்னீராமே. சாமியும் “ரொம்ப சந்தோசம்”னு சொல்லிட்டு, “எங்க ஆள் தேவைன்னு பெரியவருக்குத்தான் தெரியும், அவரைப் பாருங்க”ன்னு என்னைக் கை காட்டிவிட்டாராம். கெட்டிக்காரர்தான். உமக்கு ஒரு வேலையைச் சொல்லி இன்னொருத்தர் பகையைச் சம்பாதிக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? மாத்தல் வந்தா அவரு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிருவாரு. நான்தான் இங்கனக்குள்ள கிடந்து எல்லார் மூஞ்சியையும் பாக்கணும். கேட்டுட்டீரு, சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணைத் தெளிவு பண்ணும். உமக்கு வேலை வேணுமா, பதவி வேணுமா? வெக்கப்படாதேயும், ரெண்டும் இங்க கிடைக்கும். பதவிக்கு வரிசை நீளம். வேலைக்கு வரிசையே கிடையாது, வந்த அன்னைக்கே சேத்துக்கிடுவோம்.

பதவின்னா பங்குப் பேரவை. அன்பியம்னு தெருவாரியா உள்ள குழுவுக்கு ஒரு ஆளு, பக்தசபைக்கு ஒரு ஆளு, சாமி பாத்து எடுக்கிற ஆளு கொஞ்சம் பேருன்னு சேருவாங்க. துணைத்தலைவர் உண்டு, செயலர் உண்டு. தலைவர் ஆகலாமான்னு நாக்கைத் தொங்கப்போடாதேயும், தலைவர் எப்பவும் பங்குச்சாமிதான். 1983-ல வந்த திருச்சபைச் சட்டத்துல 536-ஆவது எண்ணு, இந்தப் பேரவைக்கு ஆலோசனை சொல்லுத உரிமை மட்டும்தான்னு சொல்லுது. அதுவும் ஆயர் வேணும்னு நினைச்சாத்தான் பேரவையே. அடுத்த எண்ணு 537 நிதிக்குழுவைப் பத்தினது. அது ஒவ்வொரு பங்குலயும் கட்டாயம் இருந்தாகணும். புரியுதா? உம்ம யோசனை இல்லாம ஒரு பங்கு நடக்கலாம், கணக்கு இல்லாம நடக்கக்கூடாது.

கூட்டத்துக்கு ஒருநாள் வந்து பாரும். ஏழு மணின்னு போட்டிருக்கும், ஏழே முக்காலுக்கு ஆரம்ப ஜெபம். கொடிமரத்துக்கு வெள்ளிப் பெயிண்டா தங்கப் பெயிண்டான்னு பேச்சு கிளம்பும். ஒருத்தரு எந்திரிச்சு, எங்க தாத்தா காலத்துல இது தேக்கு மரம்பாரு. இன்னொருத்தரு, உங்க தாத்தா அதுக்குக் காசு குடுத்தாரான்னு கேப்பாரு. பெயிண்டு போயிரும், தாத்தா ரெண்டு பேரும் வந்து நடுவுல உக்காந்துருவாங்க. சாமி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, “சரி, ஜெபத்தோட முடிப்போம்”பாரு. மறுநாள் காலையில பெயிண்டுக்காரன் ஏணியோட நிப்பான். யாரு வரச்சொன்னான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுதான் ஆலோசனை உரிமை.

இது ஒத்துவரலைன்னா மைக் பக்கம் போகலாம். உமக்கு நல்ல கணீர்க் குரல், வாசகம் வாசிக்கக் கேட்டா உடனே குடுப்பாங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. சாதாரண ஞாயித்துக்கிழமைக்கு வாசிக்கணும்னு சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு நாலு பேரு சாக்ரிஸ்டி வாசல்ல நிப்பாங்க. தூய ஆவி திருவிழா வந்தா அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல தொண்டை கட்டிரும். ஏன்னா அன்னைக்கு முதல் வாசகத்துல பார்த்தியா, மேதியா, எலாம், கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியான்னு ஊர் ஊரா வரும். அன்னைக்குத்தான் உம்ம மாதிரிப் புது ஆளைத் தேடி வீட்டுக்கே வருவாங்க. சனிக்கிழமை ராத்திரி ஏழெட்டுத் தடவை சத்தம்போட்டு வாசிச்சுப் பாத்துட்டுப் போம். சும்மா போயி நின்னீருன்னா, கடைசியில ஜனங்க “இறைவா உமக்கு நன்றி”ங்கிறது எதுக்குன்னு உமக்கே சந்தேகம் வந்துரும்.

முன்னாடியெல்லாம் வாசகர்ங்கிற பட்டத்தை ஆம்பளைகளுக்குத்தான் முறைப்படி குடுத்தாங்க. 2021 சனவரியில பிரான்சிஸ் பாப்பரசர் அதைப் பொம்பளைகளுக்கும் திறந்துவிட்டாரு. நம்ம ஊருல அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆறுமணிப் பூசையில அவங்கதான் வாசிச்சிட்டு இருந்தாங்க. ஆம்பளை எந்திரிச்சாத்தானே?

பாடகர் குழுவைப் பத்தி அதிகம் பேசலை. கீபோர்டு வாசிக்கிறவனுக்கும் தபேலாக்காரனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கிறிஸ்துமஸ் ராத்திரிக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாத புதுப்பாட்டா எடுப்பாங்க, கோயில் நிறைஞ்ச ஜனம் வாயை மூடிக்கிட்டு நிக்கும். உம்ம சாரீரம் எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் போகாதேயும்.

திருவிழாக் கமிட்டி இருக்கே, அது தனி ராச்சியம். கொடியேத்தத்துல இருந்து பத்து நாளும் சட்டைப்பையில பேட்ஜு குத்தி நடக்கலாம். சப்பரம் தூக்க இளவட்டங்க முண்டியடிக்கும். பத்தாம் நாள் அசனம். சோறு வேகுத வரைக்கும் அண்டாப் பக்கம் யோசனை சொல்ல ஆளு குறையாது. பந்தி முடிஞ்சு எச்சி இலை கிடக்கும் பாரும், அப்ப எல்லாருக்கும் போன் வந்துரும். காதுல வச்சுக்கிட்டே வேலியைத் தாண்டிருவாங்க.

பந்திச் சண்டை நம்ம ஊருல மட்டும்னு நினைக்காதேயும். திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாரும். எருசலேம்ல முதல் சபையில சாப்பாடு பங்கு வைக்கையில, கிரேக்கம் பேசுத கைம்பெண்களைக் கவனிக்கலைன்னு முறுமுறுப்பு கிளம்பிருச்சு. அப்போஸ்தலர்மாரு யோசிச்சு, நல்ல பேரு எடுத்த ஏழு ஆளை எடுக்கச் சொன்னாங்க. பந்தி பாக்கத்தான் எடுத்தாங்க, மேடையில உக்கார இல்லை. அதுல மொதப் பேரு முடியப்பரு. அந்த மனுசனைக் கடைசியில கல்லால அடிச்சுக் கொன்னாங்க. அது பந்திச் சண்டையில இல்லை, வேதத்துக்காக. ஆனாலும் சேவைக்குன்னு பேரு குடுத்தவருக்கு முதல்ல என்ன கிடைச்சுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிடும். பொன்னாடை அப்ப கண்டுபிடிக்கலை.

பெரிய வியாழன் கூத்தையும் சொல்லிருதேன். ஆண்டவரு சீடர்மாருக்குக் காலைக் கழுவினாரு, அதைச் செய்து காட்டப் பன்னிரண்டு பேரை உக்கார வைப்பாங்க. 2016-ல இருந்து பொம்பளைகளையும் உக்கார வைக்கலாம்னு உத்தரவு வந்தாச்சு. அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு நடக்குத சிபாரிசு எம்எல்ஏ சீட்டுக்குக்கூட நடக்காது. பேரு கிடைச்சவரு வீட்டுலயே சோப்புப் போட்டு, பீர்க்கங்கூடு வச்சுத் தேய்ச்சு, நகம் வெட்டி, பளபளன்னு காலைக் கொண்டாந்து நீட்டுவாரு. சாமி எதைக் கழுவ? கழுவிவிட நான் வாரேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பேரு குடுக்கலை. கிழக்குத் தெருவுல சக்கரை வியாதியில காலு புண்ணாகிக் கிடக்குத கிழவனாரு ரெண்டு பேரு உண்டு. அங்க நாற்காலிகூடப் போட வேண்டாம்.

இப்ப வேலைக்கு வருவோம். இங்கன போட்டி இல்லை, அதனால நிதானமா எடுக்கலாம்.

வின்சென்ட் தே பவுல் சபை தெரியுமா? 1833-ல பாரிசுல ஓசானாம்னு ஒரு காலேஜு பையன், இருபது வயசு, கூட்டாளிகளோட சேந்து ஆரம்பிச்சது. திருச்சபையோட பெருமையை அவன் வாதாடிட்டு இருக்கையில, அதெல்லாம் பழைய கதை, இப்ப ஏழைக்கு நீங்க என்ன செய்யுதீகன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். ரோசக்காரப் பையன், வாதத்தை நிறுத்திட்டு ஏழை வீடு தேடிப் போனான். 1997-ல அவரை முத்திப்பேறு பட்டத்துக்கு உயர்த்தினாங்க. அந்தச் சபையில ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டம் முடியுதப்ப ஒரு பையைச் சுத்திவிடுவாங்க, ரகசியக் காணிக்கை. கையை உள்ள விட்டு எடுக்கணும், யாரு எவ்வளவு போட்டான்னு தெரியாது. உபயம் இன்னார்னு எழுத இடமே கிடையாது. அதனாலயோ என்னமோ நம்ம பங்குல அந்தச் சபையில ஆளு எண்ண ஒரு கை விரலு போதும்.

மரியாயின் சேனை 1921-ல டப்ளின்ல பிராங்க் டஃப்னு ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர் ஆரம்பிச்சது. உம்ம சாதிதான், கோப்பு பாத்த ஆளு. வாராவாரம் கூடணும், குடுத்த வேலையைச் செஞ்சேனா இல்லையான்னு எந்திரிச்சு ஒப்பிக்கணும். நீரு ஆபீசுல பத்துப் பேரை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட ஆளு. இங்க எழுபது வயசு தலைவியம்மா உம்மைக் கேப்பாங்க. தாங்குவீரா?

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோற பணிக்கு 1973-ல உரோமையில இருந்து பொதுநிலையினருக்கும் வழி திறந்தாச்சு. பயிற்சி எடுத்து, அனுமதி வாங்கி, முதல் வெள்ளிக்கு வீடு வீடாப் போகணும். அதுல கஷ்டம் நடை இல்லை, உக்காருததுதான். நற்கருணை வாங்கினதும் அந்தப் பாட்டிமாரு மருமவ கதையை ஆரம்பிப்பாங்க. போன மாசம் சொன்ன அதே கதை. வாட்சைப் பாக்காமக் கேக்கணும். உமக்கு வாட்ச் கழட்டி வைக்கத் தெரியுமான்னு பாத்துக்கிடும்.

பீடத்துணி துவைக்குதது ஒரு வேலை இருக்கு, அது உமக்குத் தெரியவே தெரியாது. பூசையில அப்பம் வைக்க விரிக்குத திருமேனித்துகிலை முதல்ல அலசுத தண்ணியைச் சாக்கடையில ஊத்தக்கூடாது, மிதிபடாத மண்ணுலதான் ஊத்தணும். மடத்துச் சிஸ்டரும் ரெண்டு அம்மாமாரும் வருசக்கணக்கா இதைச் செய்யுதாங்க. திருவிழா மலர்ல நன்றி சொல்லுத பக்கத்துல ஒலி, ஒளி, பந்தல், வாணவேடிக்கை எல்லாருக்கும் பேரு உண்டு. இவங்களுக்கு இல்லை.

இல்லாட்டி மறைக்கல்வி. இது நம்ம மண்ணுல புதுசு இல்லை. சவேரியாரு 1542-ல முத்துக்குளித்துறைக்கு வந்தாரு, தமிழ் சரியா வராது. ஜெபங்களைத் தமிழ்ல எழுதி வச்சு, மணியடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் குடுத்தாரு. பிள்ளைக போயி அப்பன் ஆத்தாளுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. அவரு அடுத்த ஊருக்குப் போயிட்டா இங்க யாரு பாக்க? ஊருக்கு ஊரு ஒரு கணக்கப்பிள்ளையை வச்சாரு. சம்பளத்துக்குப் பணம்? இந்தக் கடற்கரையில இருந்து போர்ச்சுக்கல் ராணிக்குச் செருப்புச் செலவுன்னு வருசாவருசம் ஒரு பணம் போயிட்டு இருந்தது. அதை ராணிகிட்டக் கேட்டு வாங்கிக் கணக்கப்பிள்ளைகளுக்குக் குடுத்தாரு. ராணி செருப்புல நம்ம முப்பாட்டன்மாரு மந்திரம் படிச்சிருக்காங்க. இப்ப அந்தச் சம்பளமும் கிடையாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக நோவா பேழையில டைனோசர் ஏறிச்சான்னு கேக்கும். அதுக்கு நீரு போன்ல தேடுததுக்குள்ள மணி அடிச்சிரும்.

உம்ம மூஞ்சியைப் பாத்தாத் தெரியுது, இதுல எதுலயும் மரியாதை இல்லையேன்னு யோசிக்கீரு. வடக்கன்குளத்துல 1745-ல ஞானஸ்நானம் வாங்கினாரே தேவசகாயம் பிள்ளை, அவரு சாமியாரா? கல்யாணம் ஆனவரு, அரமனை உத்தியோகம் பாத்தவரு. உம்மை மாதிரி அவருக்கும் உத்தியோகம் போச்சு, பென்சன் மட்டும் வரலை. 2022 மே 15-ல புனிதர் பட்டம் குடுத்தாங்க, இந்தியாவுலயே பொதுநிலையினர்ல முதல் ஆளு. அவரு எந்தப் பேரவையில துணைத்தலைவரா இருந்தாருன்னு தேடிப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லும்.

சரி, முடிவா ஒண்ணு சொல்லுதேன். ஆறாம் வகுப்புக்கு வாத்தியார் இல்லாமப் பிள்ளைக வேப்பமரத்துல ஏறிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை முதல் பூசை முடிஞ்சதும் வந்துரும். வகுப்புச் சாவி மடத்துச் சிஸ்டர்கிட்ட இருக்கு. சாக்பீசு மட்டும் நீரே வாங்கிட்டு வாரும், அதுக்குப் பேரவையில தீர்மானம் போட்டு வரணும்னா உம்ம பேரன் காலம் ஆயிரும்.