ஐந்து சுருட்டும் ஒரு வெயிலூரும்

பொங்கலுக்குத் துபாயிலிருந்து வந்த மைத்துனர், ஐந்து கியூபா சுருட்டுகளை என் கையில் கொடுத்து, "அத்தான், இதை ஈரப்பதத்துல வச்சிருக்கணும்" என்றார். விருதுநகரில் நின்றுகொண்டு சொன்னார். "ஆகட்டும் மாப்ள" என்று பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில், பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில், பத்திரப்படுத்தினேன்.

ஆனி மாதம் ஒருநாள் ஞாபகம் வந்து எடுத்தேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஐந்து, நான்கானது.

சுருட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் மாவட்டமே காய்வதை நம்பிப் பிழைக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி, சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், பட்டாசு காய வேண்டும். அதற்கென்றே மழை எங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறது. மல்லி, வத்தல், பருப்பு என்று விருதுநகர் மார்க்கெட்டில் புரள்வதெல்லாம்கூடக் காய்ந்த சரக்குதான். இந்த ஊரில் ஒரு பொருளுக்கு ஈரம் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் வைத்தியம் அம்மாவுடையது. "ஏலே, வெத்தலை வாடுனா என்ன செய்வோம்? ஈரத்துணியில சுத்தி வை." சுற்றி வைத்தேன். நாலாம் நாள் அவிழ்த்தால், ஒரு சுருட்டு நெடுக வெடித்துக் கிடந்தது. சுருட்டும் ஒரு வகையில் கொழுக்கட்டைதான். உள்ளே பூரணமாகப் புகையிலை, அதை இறுக்கிக் கட்ட ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே சீலை மாதிரி மெல்லிய போர்வை இலை. தண்ணீரை ஒரேயடியாகக் காட்டினால் பூரணம் உப்புகிறது. காய்ந்த போர்வைக்கு விரிந்து கொடுக்கத் தெரியாது. கிழிகிறது. நான்கு, மூன்றானது.

அதன்பிறகுதான் படித்தேன். காய்ந்த சுருட்டைப் பட்டினி கிடந்தவனைப் போல நடத்த வேண்டும். எடுத்ததும் விருந்து கூடாது, கஞ்சியில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் 60 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், சில வாரம் கழித்து 65, அதற்கும் பிறகு வேண்டுமானால் 70. இதை அளக்க ஒரு ஈரப்பதமானி வாங்கினேன். பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கூடத்தில் அது 32 காட்டியது. கருவி பழுதென்று நினைத்தேன்.

சோதிக்க வழி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் தூத்துக்குடி உப்பைப் போட்டு, கரையாத அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75இல் வந்து நிற்கும்; அது உப்பின் குணம். மறுநாள் பார்த்தேன். 69 என்றது. ஆறு குறைத்துச் சொல்கிறது. அப்படியானால் எங்கள் கூடத்தில் 38! வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

சுருட்டு வைக்கும் பெட்டியை ஸ்பானிஷ் சிடார் மரத்தில் செய்கிறார்கள். பெயரில்தான் சிடார், குலம் வேம்புக் குலம். விலையைப் பார்த்துவிட்டு, நான் முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டேன். உள்ளே, ஈரத்தைக் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் கொடுக்கிற ஒரு சின்னப் பொட்டலம். அதற்குள்ளும் உப்புக் கரைசல்தான். "தீபாவளி முறுக்கை எங்க போடுறதாம்?" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு சுருட்டில் ஊசி குத்தினாற்போல் இரண்டு ஓட்டை. மார்க்கெட்டில் மல்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல், "நம்ம வண்டுதான்" என்றார். மல்லியையும் மஞ்சளையும் வத்தலையும் தின்கிற அதே பழுப்பு வண்டுக்குப் புகையிலையும் பலகாரம். வெக்கை கூடினால் முட்டை பொரித்துவிடும். எங்கள் ஊரில் வெக்கை என்று குறைந்தது? ஓட்டை விழுந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சம் இரண்டையும் பையில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒருநாள் வைத்து, வெளியே எடுத்தேன். அந்த நாலு நாளும் வீட்டில் ஐஸ் தண்ணீர் யாரும் குடிக்கவில்லை.

இதையெல்லாம் பட்டாசு ஆபீஸில் போர்மேனாக இருக்கும் நண்பனிடம் சொன்னேன். கேட்டுக்குள் நுழைகிறவர் பையைத் தடவி பீடி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தே பழகியவன். "ஈரமும் எங்களுக்கு எமன்தான்ல. அலுமினியப் பொடி கலந்த மருந்துல ஈரம் பட்டா தானா சூடேறும். நீ காய வை, நனைய வை, என்னமும் செய். சிவகாசிப் பக்கம் மட்டும் கொண்டு வந்துராத."

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் முதல் சுருட்டைப் பற்றவைத்தேன். சிவகாசிக் குச்சிதான். உரசியதும் வாய்க்குக் கொண்டுபோகாமல், தலை மருந்து எரிந்து தீரும்வரை பொறுத்தேன். இல்லாவிட்டால் கந்தகம் ருசியைக் கெடுத்துவிடும். சாம்பல் உதிராமல் நின்றது. போர்வை வெடிக்கவில்லை. ஆனால் காயும்போது பறந்துபோன எண்ணெய் பறந்ததுதான். எந்த உப்பும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. மீதி இருந்த வாசனையில் பாதி, பாச்சை உருண்டையுடையது.

கடைசிச் சுருட்டைக் கருப்பசாமிக்கு என்று முடிவு செய்தேன். ஆங்கிலத்துக்கு 'செரூட்' என்ற சொல்லைக் கொடுத்ததே தமிழின் 'சுருட்டு'தான். திருச்சிச் சுருட்டின் பேர் லண்டன்வரை போய், 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதையிலேயே சாம்பலாக வந்து விழுந்தது. அந்தக் கடனுக்கு வட்டியாகக் கியூபாவிலிருந்து ஒன்று போகட்டுமே.

பூசாரி அதை வாங்கி, காதருகே வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். மெத்தென்று அமுங்கி எழும்பியது. ஐந்து மாத உழைப்பு.

"என்னங்கய்யா, நமத்துப்போயி இருக்கு" என்றார். "சாமிக்கு வைக்கிறத ரெண்டு நாள் வெயில்ல போட்டு எடுத்தாந்திருக்கக் கூடாதா?"