காகம் என்ன சொல்லுது?

கே: மனைவிக்கு மனச்சிதைவு, ஜிப்மரில் வைத்தியம். ஒன்பதாவது படிக்கும் மகனுக்குச் சிநேகிதர்களே இல்லை. மாடியில் காகம் கரைந்தால் ‘எனக்குத்தான் சேதி சொல்லுது’ என்கிறான். அவனுக்கும் வந்துவிடுமா?
- பெயர் வேண்டாம், முத்தியால்பேட்டை

ப: காகம் கரைந்ததும் விருந்தாளி வருவார் என்று உலையில் ஓர் ஆழாக்கு கூடப் போட்ட பாட்டிகளை எந்த டாக்டரும் தேடி வரவில்லை. ஊரே நம்புவது வேறு, அவன் ஒருவன் மட்டும் நம்புவது வேறு. அதோடு சந்தேகம், கூச்சம், பிடிபடாத பேச்சு எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் நின்றால் ‘ஸ்கிசோடைப்பல்’ குணம் என்பார்கள். மனச்சிதைவு உள்ள குடும்பங்களில் இது சற்று அதிகம். குணம் நோயாகியே தீரும் என்பதில்லை. மனச்சிதைவு பொதுவாக 100-ல் ஒருவருக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் சுமார் 10 பேருக்கு. மீதி 90 பேர் எனக்குக் கடிதம் போடுவதில்லை. தூக்கம் கெட்டாலோ, படிப்பு மளமளவென்று சரிந்தாலோ, காகம் உத்தரவு போட ஆரம்பித்தாலோ, அம்மாவின் அடுத்த தேதிவரை காத்திராமல் பையனைக் கோரிமேடு ஜிப்மருக்குக் கூட்டிப் போங்கள்.

கே: கணவருக்கு மனச்சிதைவு. மகள் யாரோடும் ஒட்டுவதில்லை. ‘நீ வளர்த்த லட்சணம்’ என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, லாஸ்பேட்டை

ப: 1940-களில் பெரிய டாக்டர்களே அம்மாக்கள் தலையில்தான் பழியைக் கட்டினார்கள். மாமியார் கொஞ்சம் லேட். 1968-ல் டென்மார்க்கில் தத்துப் போனவர்களை ஆராய்ந்தபோது, நோய் வளர்த்தவர் பக்கத்தைவிடப் பெற்றவர் பக்கத்தில்தான் கூடுதலாக இருந்தது. இங்கே அந்தப் ‘பெற்றவர்’ மாமியாருடைய பிள்ளை. படித்துக் காட்டிவிடாதீர்கள்! பின்லாந்து ஆய்வை வேண்டுமானால் காட்டலாம்: அதே வம்சத்துப் பிள்ளைகளும் அமைதியான வீட்டில் வளர்ந்தால் தப்பிக்கும் வாய்ப்பு கூடுகிறதாம். பேத்திக்காகக் கொஞ்சம் குரலை இறக்கலாமே.

கே: பெண்ணின் அப்பாவுக்கு மனநோய். சம்பந்தம் பேசலாமா?
- வில்லியனூர் வாசகர்

ப: உங்கள் வீட்டு சுகரையும் பிரஷரையும் அவர்கள் விசாரித்தார்களா?

கே: பௌர்ணமியன்று பைத்தியம் முற்றுமா?
- நெல்லித்தோப்பு வாசகர்

ப: பீச் ரோட்டில் செல்ஃபி முற்றுகிறது. வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

கே: அம்மாவின் நோயைப் பிள்ளையிடம் சொல்லலாமா?
- ஓர் அப்பா, முதலியார்பேட்டை

ப: சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும். பெரும்பாலும் ‘நான் சேட்டை பண்ணதாலதான்’. எப்படி ஆரம்பிப்பது என்று திணறினால் டெலி மானஸ் மனநல உதவி எண், 14416; இலவசம், தமிழிலேயே பேசலாம். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி, எட்டு வயது, அம்மாவின் மாத்திரை அட்டையை தினமும் எண்ணி, காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.