வானிலை வாசிப்பில் கையின் பங்கு: ஒரு முன்னாய்வு

வானொலியில் வானிலைக்குக் கை கிடையாது. "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று குரல் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த ஓரிரு இடங்களில் தன் மொட்டைமாடியும் உண்டா என்பதை, அங்கே வடகம் காயப்போட்டவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கையின் வரலாறு தொலைக்காட்சியோடு தொடங்குகிறது. 1954 ஜனவரி 11 அன்று பிபிசி திரையில் தோன்றிய ஜார்ஜ் கௌலிங், வரைபடத்தில் தம் கையாலேயே கோடு போட்டு விளக்கினார். மறுநாள் துணி உலர்த்த ஏற்ற நாள் என்றும் சொன்னார். லண்டனிலும் பிரச்சினை வடகம்தான், துணி வடிவில்.

இன்றைய கைக்குச் சோதனை அதிகம். வாசிப்பவருக்குப் பின்னால் இருப்பது வெறும் பச்சைச் சுவர். பச்சை இருக்கும் இடத்திலெல்லாம் கணினி வரைபடத்தை ஒட்டிவிடும். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் இடுப்பில் வங்கக்கடல் அலையடிக்கும். ஆகவே மதுரை மீனாட்சியின் நிறத்துக்கு இத்துறையில் அனுமதி இல்லை. மானிட்டரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, சுவரில் இல்லாத நாகப்பட்டினத்தைக் கை தடவ வேண்டும்.

நிற்கும் இடமும் ஆய்வுக்குரியது. திரையின் வலப்பக்கம் நின்றால் புயலே மறைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இடப்பக்கமே உத்தமம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகும் அங்கேயே நிற்பவரின் தோள்பட்டைக்குப் பின்னால் வால்பாறை நனைந்துகொண்டிருக்கும்.

இனி சுழற்சி. நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். நம் கையோ ஆரத்தி எடுத்துப் பழகியது, வலஞ்சுழியாகத்தான் வரும். பெரும்பிழை என்று பதற வேண்டாம். வாசிப்பவர் நம்மைப் பார்த்து நிற்பதால், அவருடைய வலஞ்சுழி நமக்கு இடஞ்சுழி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுற்றினால்தான் புயல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம் என்பது வானிலைத் துறையின் கணக்கு. கை இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது.

இக்கோட்பாட்டுக்கு அடங்காதவர் எஸ்.ஆர். ரமணன். 2016இல் ஓய்வு பெறும்வரை, சென்னை வானிலை மையத்தில் மைக்குகளுக்கு முன்னால் அவர் பேசினாலே போதும். பச்சைச் சுவர் தேவைப்படவில்லை. மாணவர் உலகம் மழை விடுமுறையை அவரிடமே எதிர்பார்த்தது. முறைப்படி விடுமுறை விடுபவர் மாவட்ட ஆட்சியர். அந்தக் கை திரைக்கு வருவதில்லை. கையெழுத்தாக மட்டுமே வெளிப்படும், அதுவும் பெரும்பாலும் பிள்ளைக்கு ஷூ மாட்டி முடித்த பிறகு.