சூரியனுக்கு ஒரு சிபாரிசு

மகாகனம் பொருந்திய வீட்டு உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவினர் சமூகத்துக்கு, இந்த அமெரிக்கப் புறநகரில் தங்கள் விதிகளின் நிழலில் வாழும் உறுப்பினன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

வாக்களிக்கும் வயதை எட்டிவிட்ட என் வீட்டு டிரையர், சில நாட்களாக உஷ்ணம் என்பதே இன்றி, ஈரத் துணிகளைப் பிரதட்சிணம் மட்டும் செய்வித்து ஈரமாகவே திருப்பித் தருகிறது. வந்து பார்த்த மெக்கானிக், சூடு மிஞ்சினால் உஷ்ணத்துக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டதென்றும், காற்று வெளியேறும் குழாயில் அடைத்துக்கிடக்கும் பஞ்சே அதற்கு மூலகாரணமென்றும், குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் புதியதும் அவ்வழியே போய்ச்சேருமென்றும் அபிப்பிராயப்பட்டார். சில டாலர் பெறும் அந்த ஃபியூஸைவிட அவர் வந்துபோன கூலி பன்மடங்கு என்றாலும், புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதைக் கைவிடுக என்று இந்நாட்டில் வழங்கும் சூத்திரப்படி, பழுது பார்ப்பதே விவேகம். பழையதில் திருகிவிட்டால் ஓடும் டைமர் ஒன்றுதான் உண்டு. புதியவற்றிலோ, துணி காய்ந்த சமாசாரத்தைக் கைபேசிக்கு அறிவிக்கும் சாமர்த்தியமும், பழுதானால் அதன் விலையைக் கேட்ட மாத்திரத்தில் மனிதனுக்குத் துறவு எண்ணத்தை உண்டாக்கும் மின்னணுப் பலகையும் இருக்கின்றன. ஹீட் பம்ப் வகை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது மெய். அதன் விலையும் நிதானமும் என் சக்திக்கு அப்பாற்பட்டவை.

இந்த விசாரத்தில் இருக்கையில்தான், கொல்லையில் காசு கேளாமல் அடித்துக்கொண்டிருக்கும் வெயில் கண்ணில் பட்டது. கொடியில் துணி தொங்கினால் அண்டை வீடுகளின் விலை சரியும் என்ற தீர்க்கதரிசனத்தால் தாங்கள் அதை விலக்கியிருப்பதை அறிவேன். ஃப்ளோரிடா முதலிய சில மாநிலங்கள் இத்தகைய தடை செல்லாதென்று சட்டமே இயற்றியிருக்கின்றன. உள்பாவாடைகள் பகிரங்கமாக அசைந்தும் அங்கே சமுதாயம் எவ்வாறு நிலைகுலையாமல் நிற்கிறதென்பது ஆராயத்தக்கது.

அண்மையில் கூரைமேல் சூரியத் தகடுகள் பதித்துக்கொள்ளத் தாங்கள் அனுமதி அளித்ததைப் படித்துப் பரவசமடைந்தேன். ஆகவே சூரியன் கூரைவழி இறங்கி, கம்பிக்குள் புகுந்து, 240 வோல்ட் மின்சாரமாகி, மறுபடி உஷ்ணமாகி என் சட்டையை உலர்த்துவது விதிக்கு உகந்தது. நேரே வந்து உலர்த்துவதுதான் குற்றம் என்று கிரகித்துக்கொண்டேன். நேரே வருவதற்குப் படிவம் ஏதும் உண்டாயின், அவர் சார்பில் நான் கையொப்பமிடச் சித்தமாயிருக்கிறேன்.

அதுவரை ஃபியூஸை மாற்றிக்கொள்கிறேன். குழாயின் வெளிமூடி தெருவை நோக்கியிருப்பதால், அதிலுள்ள பஞ்சை அகற்றவும் தங்கள் உத்தரவு வேண்டுமா என்பதைச் சேர்த்துத் தெரிவிக்கக் கோரும்,

தங்கள் கீழ்ப்படிந்த உறுப்பினன்.